சொல் விளக்கம்: உடைப்பிடர் (அணைகளின் 'ஹசார்டு', hazard, வகைப்பாட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்)

அமெரிக்காவின் ஹவாயில் கவாய் என்றொரு தீவு. 2006 மார்ச் 14 அன்று, விடியும் முன்னே, அங்கிருந்த கலோகோ அணையின் மண்கரை உடைந்தது. 1890-இல் கரும்புத் தோட்டப் பாசனத்துக்காகக் கட்டிய அணை. பிற்பாடு வேறு தனியார் கைக்குப் போனது. வாரக்கணக்காகப் பெய்த மழையில் நிரம்பியிருந்த தண்ணீர், ஏறக்குறைய 150 கோடி லிட்டர், ஓடை வழியே இறங்கி வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 7 பேர் இறந்தார்கள். அரசுப் பட்டியலில் அந்த அணைக்கு நேரே எழுதியிருந்தது: 'லோ ஹசார்டு'.

இந்த ஹசார்டைத்தான் நாம் யோசிக்காமல் 'ஆபத்து' என்று எழுதிவிடுகிறோம். 'குறைந்த ஆபத்துள்ள அணை' என்று படிப்பவர் என்ன நினைப்பார்? கரை திடமாக இருக்கிறது என்றுதான். 'அதிக ஆபத்துள்ள அணை' என்றால் விரிசல் விட்டிருக்கிறது, இன்றோ நாளையோ போய்விடும் என்று பதறுவார். இரண்டுமே தப்பு. இந்த வகைப்பாடு கரையின் நிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதற்கு வேறு மதிப்பீடு உண்டு. இது கேட்பது ஒன்றே ஒன்று: உடைந்தால், கீழே யார் இருக்கிறார்கள்?

அமெரிக்க முறையில், உடைந்தால் ஓர் உயிராவது போகும் என்று தெரிந்தால் அது 'ஹை'. உயிருக்குப் பழுதில்லை, ஆனால் சொத்துக்கும் சாலை, மின்சாரம் போன்றவற்றுக்கும் கேடு என்றால் நடு வகை. சேதம் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் 'லோ'. ஆக, நேற்றுக் கட்டி முடித்த உறுதியான அணையும் 'ஹை' ஆகலாம்.

சொல்லின் பிறப்பு சுவையானது. பழைய பிரெஞ்சில் ஹசார்டு ஒரு பகடையாட்டம். அதற்கும் மூலம், பகடைக்காயைக் குறித்த அரபுச் சொல் என்பது பரவலான கருத்து. காய் எப்படி விழுமோ என்ற நிலையிலிருந்து, கேடு வரக்கூடிய எதையும் குறிக்கும் சொல்லாக அது நகர்ந்தது. இன்னும் நடக்கவில்லை, நடக்கலாம் என்பதுதான் அதன் உயிர்.

தமிழில் 'இடர்' இருக்கிறதே என்பீர்கள். நல்ல சொல்தான். ஆனால் 'இடரினும் தளரினும்' என்று சம்பந்தர் பாடும்போது அது வந்து சேர்ந்துவிட்ட துன்பம். 'பேரிடர்' என்று நாம் சொல்வதும் வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகுதான். 'உடைந்தால்' என்ற நிபந்தனை அதில் தானாக ஏறாது. அதை ஏற்ற நம்மிடம் வேறொரு சொல் இருக்கிறது: உடைப்பு. ஏரிப்பாசன ஊர்களில் 'கரை உடைப்பு எடுத்துக்கிச்சு' என்றால் விளக்கம் தேவையில்லை. மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஓடுவார்கள். உடைப்பையும் இடரையும் சேர்த்து உடைப்பிடர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. 'உயர் உடைப்பிடர் அணை' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் மனம் கரையை விட்டுக் கீழே இருக்கும் ஊருக்குப் போகும்.

தனியார் அணை என்றால் இதில் ஒரு சிக்கல் உண்டு. உரிமையாளர் ஒரு கல்லைக்கூட நகர்த்தியிருக்க மாட்டார். கீழே மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தில் பத்து வீடுகள் வந்திருக்கும். அணையின் வகை உயர்ந்துவிடும். கூடவே மிகைநீர் வழிய அகலமான கலிங்கு, அடிக்கடி ஆய்வு, ஊரை வெளியேற்றும் திட்டம் என்று செலவும் வரும். 'என் அணை அப்படியேதானே இருக்கு' என்பார். அணை அப்படியேதான் இருக்கிறது, உடைப்பிடர்தான் மாறிவிட்டது. இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டமும் உரிமையாளர் என்ற சொல்லுக்குள் கம்பெனிகளையும் சேர்த்திருக்கிறது; சட்டத்துக்குள் வரும் அணை யாருடையதாக இருந்தாலும் பராமரிப்பும் அவசரகாலத் திட்டமும் அவர்கள் பொறுப்பு.

கலோகோவில், மிகைநீர் வழிய வேண்டிய கலிங்கு மண்ணால் மூடப்பட்டிருந்ததற்கான தடயங்களை 2007-இல் வந்த விசாரணை அறிக்கை சுட்டியது. கீழே ஓடைக்கரையில் வீடுகள் இருந்தன. பட்டியலில், கரை உடைந்த அன்றும் 'லோ' என்றே இருந்தது.