எஸ்.ஈ.ஓ எண்டா என்ன? தேடுபொறி உகப்பாக்கமும் எங்கட காணி உறுதியும்

இப்ப யாழ்ப்பாணத்தில வெப்சைற் செய்து குடுக்கிற பெடியள் ஒரு சட்டத்தரணியின்ர ஒபிசுக்குப் போனா முதல் சொல்லுறதே "சேர், உங்களுக்கு எஸ்.ஈ.ஓ செய்யவேணும்" எண்டதுதான். சேரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவார், பில்லும் வரும். என்ன நடந்தது எண்டு கேட்டா "கூகிளில மேல வரும்" எண்ட ஒரு வரிதான் மறுமொழி. அந்தச் சொல்லு எங்க இருந்து வந்தது, தமிழில என்ன, காணி வழக்கும் உறுதியும் பாக்கிற ஒருத்தருக்கு அதால என்ன பிரயோசனம் எண்டு கொஞ்சம் விரிவாப் பாப்பம்.

எஸ்.ஈ.ஓ எண்டது சேர்ச் எஞ்சின் ஒப்டிமைசேஷன், அதாவது கூகிள் மாதிரித் தேடுற இடத்தில ஆராவது தேடேக்க எங்கட பக்கம் மேல வாற மாதிரி அதை எழுதி ஒழுங்குபடுத்துறது. 1990களின்ர பின்பாதியில, கூகிள் வாறதுக்குக் கொஞ்சம் முந்தியே புழக்கத்துக்கு வந்த சொல்லு. சேர்ச் எண்டது லத்தீனில சுத்தி வாறதைக் குறிச்ச "சிர்காரே" எண்ட சொல்லில இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, சர்க்கஸ், சேர்க்கிள் எல்லாம் அதின்ர சொந்தக்காரர்தான். எஞ்சின் எண்டது முதல் இரும்பு மெஷினே இல்லை, கூடப்பிறந்த மதிக்கு லத்தீன்காரர் சொன்ன "இன்ஜெனியும்". ஒப்டிமம் எண்டா மிக நல்லது, அவ்வளவுதான்.

தமிழில இதுக்கு "தேடுபொறி உகப்பாக்கம்" எண்டு ஏற்கெனவே ஒரு சொல்லு இருக்கு. கனபேர் இதைக் கேட்டுச் சிரிக்கினம், ஆனா பிரிச்சுப் பாத்தா நல்ல சொல்லு. பொறி எண்டா இயந்திரம், ஐம்பொறியில வாற புலன், புலிப்பொறியில வாற முத்திரை, எலிப்பொறியில வாற பொறி, நாலும் ஒரே சொல்லுதான், அதில கடைசிக் கருத்து கூகிளுக்கு ஏன் பொருந்துது எண்டு நான் சொல்லத் தேவையில்லை. உகப்பு எண்டதை இப்ப நாங்கள் "உகந்த" எண்டதில இருந்து பொருத்தம், விருப்பம் எண்டு விளங்குறம், ஆனா தொல்காப்பிய உரியியலில உகப்பு எண்டதுக்குப் பொருள் உயர்தல். மேல ஏத்திவிடுறது! சொல்லை ஆக்கினவர் இதை நினைச்சு ஆக்கினாரோ தெரியாது, ஆனா காசு குடுக்கிறவர் எதிர்பாக்கிறது உந்தக் கருத்தைத்தான்.

தேடு எண்ட சொல்லுதான் எங்களுக்கு இன்னும் கிட்ட. தேடுறது எண்டா காணாமப் போனதைத் தேடுறதும்தான், உழைச்சுச் சேர்க்கிறதும்தான். 1707 இல ஒல்லாந்தர் தொகுப்பிச்ச, யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்கச் சட்டமான தேசவழமையில முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு மூண்டு வகைச் சொத்து வருகுது, அதில தேடியதேட்டம் எண்டது கலியாணம் கட்டின பிறகு புருசன் பெண்சாதி தேடின சொத்து. அந்தச் சொல்லு இண்டைக்கும் கோட்டில அப்பிடியே உச்சரிக்கப்படுது, இங்கிலிஸ் தீர்ப்பிலயும் தமிழ் உச்சரிப்பிலதான் எழுதியிருக்கும். காணி வாங்கப் போனா பதிவுக் கந்தோரில தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பாக்கிறதும் ஒரு தேடல்தான், தோம்பு எண்டதே போர்த்துக்கீசச் சொல்லு. ஆகவே சட்டத்தரணிமாருக்குத் தேடல் ஒண்டும் புதுசில்லை, தேடுற ஆள்தான் மாறியிருக்கு.

இனி விசயத்துக்கு வருவம். ஸ்காபரோவில இருக்கிற ஒரு அக்கா, வேலையால வந்து ராத்திரி போனை எடுத்து எழுதிறா: "கனடாவில இருந்து யாழ்ப்பாணக் காணியைத் தங்கச்சிக்கு எழுதிக் குடுக்கிறது எப்பிடி". இங்க இருக்கிற ஒபிசின்ர வெப்சைற்றில இருக்கிறது "அசையா ஆதன உரிமை மாற்றல் தொடர்பான சட்ட சேவைகள்". ரெண்டும் ஒரே விசயம், ஆனா ஒரு சொல்லாவது ஒண்டோட ஒண்டு முட்டேல்லை. "எழுதிக் குடுக்கிறது", "நன்கொடை உறுதி", "அற்றோணி குடுக்கிறது", "ஈடு மீட்கிறது", "பங்குக் காணி பிரிக்கிறது" எண்டு சனம் கதைக்கிற மாதிரி அந்தப் பக்கத்தில ஒருக்காலாவது எழுதியிருந்தா அக்காவுக்குக் கிடைச்சிருக்கும். லோயர் எண்டும் எழுதவேணும், ஏனெண்டா சட்டத்தரணி எண்டு தேடுறவையை விட லோயர் எண்டு தேடுறவை கூட. ரெண்டு வகை லோயர்மாருக்குப் பழைய ஆக்கள் சொன்ன பிரக்கிராசியும் அப்புக்காத்தும் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டிட்டுப் போன சொல்லுகள், 1973 ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டத்தோட ரெண்டும் ஒண்டாகிச் சட்டத்தரணி எண்டு ஆயிற்று, உறுதி எழுதுற நொத்தாரிசு மட்டும் இண்டைக்கும் நொத்தாரிசுதான்.

அக்காவுக்கு அந்த நேரம் என்ன கிடைக்கும் எண்டா, பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகம். எல்லாம் தமிழ்நாடு! தமிழில எழுதியிருக்கிற சட்ட விசயத்தில பெரும்பங்கு அங்கத்தையதுதான், அதில பிழை சொல்ல ஒண்டுமில்லை, அவை எழுதினவை, நாங்கள் எழுதேல்லை. ஆனா எங்கட காணிக்கு 1840 இன் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் வேணும், விக்கேக்க பங்காளரிட்ட முதல் கேக்கவேணுமோ எண்டதுக்கு 1947 இன் முன்வாங்குரிமைச் சட்டம் இருக்கு, உதொண்டும் பட்டா சிட்டாவில வராது. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிக்கு எஸ்.ஈ.ஓ எண்டதின்ர முக்கால்வாசி இந்த இடைவெளியை நிரப்புறதுதான் எண்டது என்ர எண்ணம், மிச்சம் எல்லாம் பெடியள் பாத்துக்கொள்ளுவாங்கள்.

தேடுற விதமும் இப்ப வேற. 2022 நவம்பரில சட்ஜிபிடி வந்தது, 2024 மே மாதம் கூகிளும் அமெரிக்காவில தேடல் முடிவுகளுக்கு மேலயே ஏஐ சுருக்கம் போடத் துவங்கிற்று. முந்திப் பத்து லிங்க் வரும், ஆள் நாலைத் திறந்து பாக்கும், இப்ப ஒரு பந்தி மறுமொழி வருகுது, அதோட கனபேர் போனை வைச்சிடுவினம். அந்தப் பந்திக்கு ஆரின்ர எழுத்தை எடுக்கினம் எண்டதுதான் இப்பத்தைப் போட்டி. இதுக்கும் ஜீ.ஈ.ஓ எண்டு இன்னொரு மூண்டெழுத்து வந்திட்டுது, ஜெனரேட்டிவ் எஞ்சின் ஒப்டிமைசேஷன், 2023 இல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில வந்த பேர். தமிழில நான் "மறுமொழிப்பொறி" எண்டு சொல்லுவன், பதில் எண்டது அரபு வழி வந்த சொல்லு எண்டதுக்காக இல்லை, யாழ்ப்பாணத்தில மறுமொழி சொல்லு எண்டுதானே கேக்கிறது.

மறுமொழிப்பொறி எங்க பேய்க்காட்டும் எண்டதுக்கு ஒண்டு சொல்லுறன். "எங்கட வளவில வேற ஆக்கள் பத்து வருசத்துக்கு மேல இருக்கினம், காணி அவைக்குப் போயிடுமோ" எண்டு வெளியில இருக்கிற சனம் அடிக்கடி கேக்கிறது. 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில பத்து வருசம் எண்டு இருக்கிறது உண்மை, பொறி அதோட நிப்பாட்டிப்போடக்கூடும். ஆனா 2016 இன் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் எண்டு ஒண்டு வந்தது, 1983 மே 1 துவங்கி 2009 மே 18 வரைக்கும் யுத்தத்தால காணிக்கு வரேலாமப் போனவைக்காக, அந்தக் காலத்தைப் பத்து வருசக் கணக்கில சேர்க்காம விட, நிபந்தனைகளோட. இந்த ரெண்டையும் சேர்த்து, எங்க பொருந்தும் எங்க பொருந்தாது எண்டு ஒரு சட்டத்தரணி தன்ர பேரைப் போட்டு, எப்ப எழுதினது எண்ட திகதியும் போட்டு நாலு பந்தி தமிழில எழுதினா, அதுதான் ஜீ.ஈ.ஓ. கூகிள் தன்ர தர மதிப்பீட்டாளருக்குக் குடுத்திருக்கிற வழிகாட்டியிலயும் சட்டம், காசு, உடம்பு சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கூடுதலாச் சோதிக்கச் சொல்லி இருக்கு, எழுதினவர் ஆர், அனுபவம் என்ன எண்டு பாக்கச் சொல்லித்தான். அதுக்காக அந்த நாலு பந்தியையும் சட்ஜிபிடியிட்டயே எழுத விடாதேங்கோ, 2023 இல நியூயோர்க்கில ரெண்டு சட்டத்தரணிமார் அது கற்பனையாச் சொன்ன வழக்குகளைக் கோட்டுக்குக் குடுத்து 5,000 டொலர் தண்டம் கட்டவேண்டி வந்தது.

விளம்பரம் எண்ட இடத்தில கவனம். அமெரிக்காவில 1977 இல பேற்ஸ் வழக்கோட சட்டத்தரணி விளம்பரம் போடலாம் எண்டு ஆயிற்று, இங்க அப்பிடி இல்லை, எங்கட ஆக்களுக்கு உச்ச நீதிமன்றம் 1988 இல வகுத்த நடத்தை விதிகள் இருக்கு, எதைப் போடுறதுக்கு முந்தியும் அதை எடுத்துப் பாக்கவேணும். இந்தியாவில இன்னும் இறுக்கம், 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் இன்ரநெற் மூலம் வழக்கறிஞர் ஆள்பிடிக்கிறதுக்கு எதிரா நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. "நம்பர் வண் லோயர்", "வெற்றி நிச்சயம்" எண்டு பெடியள் எழுதித் தந்தா வெட்டிவிடுங்கோ. சட்டம் என்ன சொல்லுது எண்டு விளங்கப்படுத்துறது வேற, என்னட்ட வா எண்டு கூப்பிடுறது வேற, ஆனா எல்லைக்கு எந்தப் பக்கம் நிக்கிறம் எண்டது சந்தேகமெண்டா சட்டத்தரணிகள் சங்கத்திலயே கேளுங்கோ.

கடைசியா ஒரு சின்ன விசயம், ஆனா இங்க கன ஒபிசுகளுக்குப் பொருந்தும். பாமினி எழுத்துருவில அடிச்ச பழைய கட்டுரைகளையும் படிவங்களையும் அப்பிடியே பிடிஎஃப் ஆக்கி வெப்சைற்றில போட்டு வைச்சிருக்கினம். எங்கட கண்ணுக்கு "காணி" எண்டு தெரியும், ஆனா உள்ளுக்க இருக்கிறது எஃப், எச், இசட், பி எண்ட நாலு இங்கிலிஸ் எழுத்து, பொறி அதைத்தான் வாசிக்குது. இருபது வருச எழுத்து இருந்தும் கூகிளுக்கு அந்த ஒபிஸ் தமிழில ஒரு வரிகூட எழுதேல்லை. பொறி தமிழாவே வாசிக்கிற யுனிகோட் எழுத்துக்கு மாத்திற கருவிகள் சும்மாவே கிடைக்குது, மாத்தினாப் பிறகு ஒருக்கா வடிவா வாசிச்சுத் திருத்தவேணும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சில நேரம் இடம் மாறிப்போயிருக்கும்.