மூளைக்கு மருந்து சுமக்கும் நுண்பைகள்

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து, பார்க்கின்சன் என்னும் மூளை நோயால் கை நடுங்கும் தன் தகப்பனாரைக் கிளினிக்குக்கு அழைத்து வந்திருந்த பெண், மருந்து யன்னலில் கிளினிக் கொப்பியை நீட்டுவதற்கு முன்பே தொலைபேசியை நீட்டினார். கொழும்பில் வேலை செய்யும் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம் அதில் இருந்தது. "மிஸ், இந்த எக்ஸோசோம் ஊசிய போட்டா அப்பாவோட கைநடுக்கம் நின்னுருமாம். நகைய அடகு வச்சாவது போட்டுறலாம்னு தம்பி சொல்றான்." வரிசை நீண்டிருந்ததால் மருந்தாளராகிய நான் அன்று பாதியிலேயே விட்ட பதிலை இங்கு எழுதுகிறேன்.

எக்ஸோசோம் என்பது கற்பனைச் சரக்கன்று. நம் உடற்கலங்கள் வெளியே விடும், கொழுப்புப் படலத்தால் ஆன 30 முதல் 150 நானோமீற்றர் வரையிலான நுண்பைகள் அவை. 1983 இல் கனடாவில் ரோஸ் ஜோன்ஸ்ரனின் குழுவினர் செம்மறியாட்டின் முதிராச் செங்குருதிக் கலங்களில் இவற்றைக் கண்டபோது, கலம் தனக்கு வேண்டாததை வெளியே தள்ளும் வழி என்றே கருதினர். ஒரு கலம் மற்றொரு கலத்துக்குச் செய்தி அனுப்பும் வழியாகவும் இவை இருப்பது பின்னரே விளங்கிற்று.

மூளை நோய்களில் இவற்றுக்கு இவ்வளவு மதிப்பு ஏற்படக் காரணம், மூளையின் குருதி நுண்குழாய்ச் சுவரிலுள்ள கலங்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்து, பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பதே. 2011 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் நோயெதிர்ப்புக் கலங்களிலிருந்து எடுத்த எக்ஸோசோம்களின் மேற்பரப்பில் விசர்நாய்க்கடி வைரசின் புரதத் துண்டொன்றைப் பொருத்தி, உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் சிறு துண்டுகளை ஏற்றி, நாளத்தில் ஊசியாகச் செலுத்தி, அவற்றை எலியின் மூளைக்குள் கொண்டு சேர்த்துக் காட்டினர். நாம் அஞ்சும் வைரசே திறவுகோலைக் கடன் கொடுத்தது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

ஆயினும் அது எலியில் நடந்தது. குருதியில் செலுத்தப்படும் எக்ஸோசோம்களில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. ஒரே தரத்தில் பெருமளவில் தயாரிப்பதும், போதிய மருந்தை உள்ளே ஏற்றுவதும் இன்னும் கடினமாகவே உள்ளன. தாம் அங்கீகரித்த எக்ஸோசோம் மருந்து எதுவும் இல்லையென்றும், அத்தகைய பொருட்களை ஏற்றிக்கொண்ட சிலருக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதென்றும் அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்துநர் 2019 டிசம்பரில் எச்சரித்திருந்தனர். நம் நாட்டிலும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு உண்டா என்று கேட்காமல் எந்த ஊசிக்கும் நகையை அடகு வைக்கக்கூடாது.

அந்தப் பெரியவர் விழுங்கும் லெவோடோபா மாத்திரையும் மூளையின் நுண்குழாய்ச் சுவர் போடும் இதே தடையைத்தான் கடக்கிறது. பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்னும் மூளை இரசாயனத்தை நேராகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபாவோ அமினோ அமிலங்களுக்கென்று உள்ள வாசலால் நுழைந்து, உள்ளே டோபமைனாக மாறுகிறது. அதே வாசலில் நாம் உண்ணும் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் முண்டியடிக்கின்றன என்பதால் எப்போது கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தேன்.

"காலைல பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி ரொட்டியும் பருப்பும் குடுத்து, கையோட மாத்திரையும் குடுத்துருவேன் மிஸ்."

மதியம் வரை கை அடங்குவதில்லை என்று அவர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கொப்பியைப் புரட்டினால், இரத்தச்சோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையும் அதே வேளைக்கு எழுதப்பட்டிருந்தது; இரும்பு, லெவோடோபா உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஓரிடத்தில் நரம்பு நோய்க்கும் வேறிடத்தில் இரத்தச்சோகைக்கும் மருந்து எழுதப்படும்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் எவருமில்லாமல் போவது எங்கள் பகுதியில் அடிக்கடி காணும் குறை. நேரத்தை நாமாக மாற்றக்கூடாது என்பதால் வைத்தியரிடம் கொப்பியை அனுப்பினேன். இரும்பு மாத்திரை இரவுக்குத் தள்ளப்பட்டது. லெவோடோபா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக என்று மாறியது.

மருந்துக் கவரில் அதைச் சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்போ முழிச்சதும் சாயத்தண்ணி குடுக்கலாமா மிஸ்?" என்று கேட்டார். பால் சேர்க்காமல் கொடுக்கலாம் என்றேன்.