பதிதலை ஆணி: ‘பறிப்புத் தலை’யும் ‘தட்டைத்தலை’யும் ஏன் பொருந்தா

‘டைட்டானியம் பறிப்புத் தலை ஃபாஸ்டென்சர்கள்’ என்ற தொடர் பொறியியற் பொருட்களின் தமிழ் விவரக் குறிப்புகளில் இப்போது அடிக்கடி தென்படுகிறது. இதை எழுதியவர்களுள் ஒருவராவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னியில் பறிப்பது என்றால் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து மணலையோ கல்லையோ இறக்குவது. அதற்கு அப்பால் பூப் பறிப்பதும் மிளகாய் பறிப்பதும் கழுத்திலிருந்து சங்கிலி பறிப்பதும் உண்டு. இவற்றுள் எதுவும் ஓர் ஆணியின் தலையோடு ஒட்டுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபிளஷ் ஹெட்’ எனப்படும் இப்பொருளுக்குக் கழிப்பறைத் தொட்டியின் நீரை நினைத்துக்கொண்டு ‘கழுவுத் தலை’ என எழுதியோரும் உளர். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் தொழிற்பயிற்சி நிறுவனமும் இயங்கும் இந்நாளில், பட்டறைக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரவேண்டிய தேவை எங்களுக்கு நாளாந்தம் இருக்கிறது. ஆகவே இச்சொல்லைத் தெளிவாகப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

முதலில் பொருள். தான் இறுக்கிப் பிடிக்கும் தகட்டின் மேற்பரப்போடு தலை ஒரே மட்டத்தில் அமைந்து, விரலால் தடவினால் தடக்குப்படாமல் நிற்கும் ஆணியே இங்கு பேசப்படுவது. விமானத்தின் புறத்தோலில் ஆயிரக்கணக்கான ஆணித்தலைகள் துருத்தி நின்றால் காற்று அவை ஒவ்வொன்றிலும் மோதிப் பின்னிழுக்கும். 1935 செப்டெம்பர் 13இல் அமெரிக்க விமானி ஹவார்ட் ஹியூஸ் தமது எச்-1 விமானத்தை மணிக்கு 567 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்ததற்கு, தோலோடு மட்டமாக அமைந்த தறையாணிகளும் (‘ரிவெட்’) ஒரு காரணம். விமானத்துக்கு மட்டுமுரிய தேவையன்று இது. முல்லைத்தீவில் வள்ளத்தின் விளிம்பில் ஓர் ஆணித்தலை எழும்பி நின்றால், வலையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அது கண்ணியைப் பிடித்துக் கிழிக்கும். முறிந்த எலும்புக்குத் தகடு வைக்கும்போதும் திருகாணியின் தலை தகட்டின் குழிக்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் தோலின் கீழே உரசி நோகும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘ஃபிளஷ்’ நீர் பாய்ந்து நிறைதலைக் குறித்த சொல். ஆறு கரைமட்டத்துக்கு நிறைந்து நிற்கும் நிலையிலிருந்து ‘ஒரே மட்டமான’ என்ற பொருள் கிளைத்தது என்பர். 17ஆம் நூற்றாண்டில், படியில்லாமல் ஒரே மட்டமாக ஓடும் கப்பல் மேற்றளத்தை அது குறித்தது. இரணைமடுக் குளம் வான்மட்டத்துக்கு நிறைந்து, பாய்வதற்குச் சற்று முன் நிற்பதைக் கண்டவருக்கு இந்தப் பொருள்வழி உடனே விளங்கும். ‘ஃபாஸ்டென்’ என்பதிலுள்ள ‘ஃபாஸ்ட்’ வேகத்தைச் சுட்டவில்லை. அசையாத உறுதி என்பதே அதன் பழைய பொருள். தைத்தேனியம் 1791இல் இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியின் கரிய மணலில் வில்லியம் கிரெகரால் அறியப்பட்டது. 1795இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் அதற்குக் கிரேக்கத் தொன்மத்து டைட்டன்களின் பெயரை இட்டார். நம் பாடநூல்களில் ‘தைத்தேனியம்’ என்று ஊன்றிவிட்ட வடிவத்தை விட்டு ‘டைட்டானியம்’ என்று மாற்றி எழுத எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. வன்னியின் கிழக்கு எல்லையில், கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கரிய மணலிலுள்ள இல்மனைட்டு இதே உலோகத்தின் தாதுதான்.

‘பறிப்புத் தலை’ ஒரு வெளிப்படையான பிழை. கண்டவுடன் எவரும் சிரித்து ஒதுக்கிவிடுவர். உண்மையில் கெடுதல் செய்வது ‘தட்டைத்தலை’ என்ற சொல். அது நல்ல தமிழ்போலத் தோன்றுகிறது, எளிதாக நாவில் வருகிறது, படித்தவர்களும் அதையே எழுதுகிறார்கள். இச்சொல்லை ஆதரிப்போர் கூறும் நியாயம் ஒன்றுதான்: ஆணியை மேலிருந்து பார்த்தால் தலை தட்டையாக இருக்கிறது, எனவே தட்டைத்தலை. ஆனால் உருளைத் தலையுடைய ஆணியையும் மேலிருந்து பாருங்கள். அறுகோணத் தலையுடைய மரையாணியையும் (‘போல்ட்’) பாருங்கள். அவற்றின் மேற்பக்கமும் தட்டைதான். எனினும் அவை தகட்டுக்கு மேலே முழு உயரத்தோடு எழுந்து நிற்பவை. மறுபுறத்தில், கூம்பு வடிவ அடியும் சற்றே குவிந்த மேற்பக்கமும் கொண்ட ஒரு தலைவகை உண்டு. அதன் அடிப்பாகம் முழுவதும் குழிக்குள் அடங்கும், மேற்பக்கமோ தட்டையன்று. ஆகவே தட்டைத்தன்மை இந்த ஆணியைப் பிற ஆணிகளிலிருந்து பிரித்துக் காட்டும் பண்பே அன்று. வேறுபாடு தலையின் அடியில், அது தகட்டுக்குள் அமரும் முறையில் இருக்கிறது. மேற்பக்கத்தைப் பார்த்துப் பெயரிட்டவர்கள் ஆணியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இதனால் விளையும் இடர் வெறும் சொல்லாராய்ச்சி சார்ந்ததன்று. எங்கள் பட்டறை மாணவர் ஒருவர் துண்டுச் சீட்டில் ‘6 மி.மீ. தட்டைத்தலை, நீளம் 20’ என்று எழுதிக் கடைக்குப் போனார். தட்டையான மேற்பக்கமும் உருளையான உடலும் கொண்ட தலையுடைய ஆணிகளோடு திரும்பி வந்தார். கடைக்காரர்மீது குற்றமில்லை, அவர் சீட்டில் எழுதியிருந்ததைத்தான் கொடுத்தார். இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. துருத்தி நிற்கும் தலைகளுடைய ஆணிகளின் நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளப்பர். தகட்டோடு மட்டமாக அமரும் ஆணியின் நீளத்தைத் தலையோடு சேர்த்தே அளப்பர். 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆணியில் அந்தத் தலையின் உயரமே 3 மில்லிமீற்றரைத் தாண்டும். ஆகவே பெயர் தவறினால் நீளமும் தவறும், சுரைக்குள் (‘நட்’) நுழைய வேண்டிய மரை எட்டாமற் போகும்.

போதாக்குறைக்கு, நேர்வெட்டுப் பள்ளமுள்ள திருகாணிகளைத் திருப்பும் கருவியையும் நம்மவர் ‘தட்டைத் திருப்புளி’ என்றே அழைக்கின்றனர். எனவே தட்டைத்தலை என்று கேட்டால், தலையில் ஒற்றைக் கோடு வெட்டிய திருகாணி வேண்டும் என்று கடையில் விளங்கிக்கொள்வோரும் உண்டு. ஒரே சொல் தலையின் வடிவத்தையும் திருப்பும் பள்ளத்தின் வடிவத்தையும் குறிக்குமானால் அதைக் கலைச்சொல் என்று அழைப்பதில் பயனில்லை. ‘ஆங்கிலத்திலேயே அப்படித்தானே சொல்கிறார்கள்’ என்பது அடுத்த மறுமொழி. அமெரிக்கர் அப்படிச் சொல்வது உண்மை. அவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கிறது. பிரித்தானிய வழக்கில் குழியின் பெயராலேயே இந்தத் தலையை அழைக்கிறார்கள். ஒரு மொழியின் ஒரு நாட்டு வழக்கிலுள்ள குறையை அப்படியே பெயர்த்து நட்டுவிட்டு அதைத் தமிழாக்கம் என்று கூறுவது எனக்கு ஏற்புடையதன்று.

‘மூழ்குதலை’, ‘அமிழ்தலை’ என்ற சொற்கள் ஓரளவு நெருங்கி வருகின்றன. ஆனால் மூழ்குவதும் அமிழ்வதும் மேற்பரப்புக்குக் கீழே போவதைச் சொல்கின்றன. விமானத் தோலில் தலை மேலெழும்பினால் எவ்வளவு பிழையோ, கீழே தாழ்ந்து பள்ளம் விட்டாலும் அவ்வளவு பிழை. இரண்டு பக்கமும் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகள்தான் விட்டுக்கொடுப்பர். தச்சர் ஆணித்தலையை மரத்துக்குள் ஆழ இறக்கி, மேலே பட்டி பூசித் தேய்த்து மறைப்பாரே, ‘அமிழ்தலை’ அந்த வேலைக்குரிய சொல். அதை அங்கேயே விட்டுவிடுவோம். ‘மட்டத்தலை’ பொருளில் பிழையற்றது. மேசன்மார் மட்டம் பார்ப்பது எல்லோரும் அறிந்தது. எனினும் ‘மட்டமான சாமான்’ என்ற வழக்கு அதைவிட வலிமையாக ஊறிப்போயிருக்கிறது. விலைகூடிய தைத்தேனிய ஆணியின் கொள்வனவுச் சீட்டில் ‘மட்ட’ என்று தொடங்கும் பெயரைக் கண்டால் தரம் குறைந்தது என்றே முதலில் தோன்றும்.

நான் முன்வைப்பது ‘பதிதலை’. பொற்கொல்லர் மோதிரத்தில் கல் பதிக்கிறார். வீட்டு நிலத்தில் மாபிள் பதிக்கிறார்கள். இரண்டிலும் ஒரு பொருள் தனக்கென வெட்டப்பட்ட இடத்தில் உறுதியாக அமர்ந்து சுற்றியுள்ள பரப்போடு பொருந்தி நிற்கிறது. இந்த ஆணி செய்வதும் அதுவே. பதிந்த தலை, பதிகின்ற தலை, பதியும் தலை என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகையாக அது அமைவதால், பட்டியலில் கிடக்கும் ஆணிக்கும் பொருத்தி முடித்த ஆணிக்கும் ஒரே சொல் போதும். ‘ஃபாஸ்டென்சர்’ என்பதற்குப் புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. திருகாணி, மரையாணி, தறையாணி, அச்சாணி, கடையாணி என்று தமிழ் இக்குடும்பம் முழுவதையும் ஆணி என்ற ஒரே வேரில் வைத்திருக்கிறது. ‘பதிதலை ஆணி’ என்றால் பொதுப்பெயர். வகை வேண்டுமிடத்தில் பதிதலைத் திருகாணி, பதிதலைத் தறையாணி என்று பிரித்துக்கொள்ளலாம். ‘இணைப்பி’, ‘பொருத்தி’, ‘இறுக்கி’ என்று ஆளுக்கொன்றாக எழுதப்படும் சொற்கள் மின்கம்பி முனைக்கும் குழாய்க்கும் கூட வழங்குவதால் இங்கு பயன்படா.

இன்னொரு வேறுபாட்டைப் பிடிவாதமாகக் காக்க வேண்டும். மட்டமாக அமர்வது விளைவு, கூம்பு வடிவக் குழி அதற்கான வழிகளுள் ஒன்று. உருளை வடிவத் தலையையும் நேர்ச்சுவருள்ள குழி வெட்டி அதற்குள் இறக்கிவிடலாம். மிக மெல்லிய தகட்டில் வெட்டவே இடமில்லாதபோது தகட்டையே அழுத்திக் குழிவாக்குவர். எனவே விளைவைப் ‘பதிதலை’ என்றும், வெட்டப்படும் இடத்தைக் ‘கூம்புக்குழி’, ‘உருளைக்குழி’ என்றும் பிரித்தெழுதவேண்டும். ஆங்கில நூல்களிலேயே இவை கலந்து வருவதால் மொழிபெயர்ப்பாளர் மூலத்தை நம்பி அப்படியே போய்விடக்கூடாது.

இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம், தைத்தேனியப் பதிதலை ஆணியைத் தேர்ந்தெடுப்பதில் ஒவ்வொரு சொல்லும் ஓர் அளவைச் சுமக்கிறது என்பதே. கூம்பின் கோணம் விமான வேலையில் பெரும்பாலும் 100 பாகை, மெற்றிக் ஆணிகளில் 90, அமெரிக்க அங்குல ஆணிகளில் 82. 100 பாகைக் குழியில் 90 பாகைத் தலையை இட்டால் அது கழுத்தில் மட்டும் தொட்டு மேலே எழும்பி நிற்கும். மாறி இட்டால் விளிம்பில் மட்டும் தொடும். இரண்டிலும் சுமை முழுப் பரப்பிலும் பரவாது. குழியின் ஆழம் தகட்டுத் தடிப்பின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமற் பார்ப்பது வழக்கம். தாண்டினால் துளையின் அடிவிளிம்பு கத்திமுனைபோல் மெலிந்து அங்கிருந்து வெடிப்புத் தொடங்கும். குறுக்கே கொய்யும் விசையை மட்டும் தாங்கும் இடத்துக்குச் சிறிய தலை போதும். இழுவிசை வருமிடத்தில் முழுத்தலை வேண்டும்.

உலோகத்திலும் இதே கவனம் தேவை. பெரிதும் பயன்படுவது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த தைத்தேனியக் கலப்புலோகம். அதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 4.43 கிராம், உருக்கினது 7.85. காபன் நார்த் தகடுகளில் அலுமினிய ஆணி மின்னிரசாயன முறையில் அரித்துப்போகும், தைத்தேனியம் தாங்கி நிற்கும். உப்புநீரும் அதை அரிப்பதில்லை. ஆனால் தைத்தேனியத்தோடு தைத்தேனியம் உரசினால் மரைகள் ஒன்றையொன்று கௌவி இறுகிவிடும். பின் கழற்ற முயன்றால் ஆணியே முறியும். அதனால் மொலிப்டினம் இருசல்பைட்டு போன்ற உலர்மசகு பூசுவர். கட்மியம் பூசிய சுரையையோ கருவியையோ அதனருகில் கொண்டுவரக்கூடாது, அது தைத்தேனியத்தை நொறுங்கச் செய்யும். இவ்வளவு நுட்பமான ஒரு பொருளின் விவரக் குறிப்பைப் ‘பறிப்புத் தலை’ என்று தொடங்குபவர், கீழே வரும் கோணத்தையும் தடிப்பையும் சரியாகப் பெயர்த்திருப்பார் என்று நான் எப்படி நம்புவது?

மொழிபெயர்ப்போரில் ஒரு சாரார் இயந்திரம் தந்ததை வாசித்தும் பாராமல் வெளியிடுகிறார்கள். மறுசாரார் தூய்மையின் பெயரால் ஆணியைக் கையில் எடுக்காமலே சொல் படைக்கிறார்கள். இரு சாராரும் வேலை செய்பவரிடம் போவதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது, நோயாளியைப் பார்த்து மாணவரோடு பேசிக்கொண்டே அந்த வேலை நடந்தது. பட்டறைச் சொல்லையும் பட்டறையில் வைத்தே தேர வேண்டும். அந்த மாணவர் இப்போது எழுதும் சீட்டு இப்படி இருக்கிறது: ‘பதிதலை மரையாணி. தைத்தேனியக் கலப்புலோகம், அலுமினியம் 6, வனேடியம் 4. விட்டம் 6 மில்லிமீற்றர். தலையோடு சேர்த்து நீளம் 20 மில்லிமீற்றர். கூம்புக் கோணம் 90 பாகை. தலையில் அறுகோணப் பள்ளம்.’ விமான வேலைக்கானால் கோணத்தை 100 என்று மாற்றி, தகட்டின் தடிப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.