ஜெரியாட்ரிக்ஸ் – முதியோர் மருத்துவம்

கேட்டால் பழங்காலக் கிரேக்கச் சொல் போல இருக்கும். ஆனால் ‘ஜெரியாட்ரிக்ஸ்’ பிறந்தது 1909-இல், நியூயார்க்கில். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவம் பார்த்த இக்னாட்ஸ் நாஷர்தான் இதை உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘கேரஸ்’ என்றால் முதுமை. ‘இயாட்ரிக்கோஸ்’ என்றால் மருத்துவம் சார்ந்தது. வடமொழி ‘ஜரா’வும் அந்தக் கேரஸும் ஒரே வேரில் கிளைத்தவை.

நாஷர் மாணவராக இருந்தபோது, ஏழை முதியோர் விடுதியில் ஒரு மூதாட்டி தன் உபாதைகளைச் சொல்லி அழுதாராம். ஆசிரியரோ, “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்; ஒன்றும் செய்ய முடியாது” என்று நகர்ந்துவிட்டார். இது நாஷரைப் பற்றி வழங்கிவரும் கதை. குழந்தைப் பருவத்துக்குத் தனி மருத்துவம் இருப்பதுபோல முதுமைக்கும் வேண்டும், முதுமையே நோயாகாது என்று அவர் வாதாடினார். 1914-இல் இதே பெயரில் நூலும் எழுதினார். அந்த ஆசிரியரின் பதில் இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது என்பதுதான் என் வருத்தம். பாட்டிக்குத் திடீரென்று நினைவு குழம்பினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ மருந்தின் பக்க விளைவாகவோ இருக்கலாம். ‘வயசு’ என்று விட்டுவிட்டால் குணமாகக்கூடியதும் குணமாகாமல் போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மூப்பு’ அருமையான சொல். மூத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. வயதோடு தலைமையையும் குறிக்கும். ஊர் மூப்பரை நினைத்துப் பாருங்கள். ‘கிழவன்’கூட அப்படித்தான்: தொல்காப்பியத்தில் அது உரிமை உடைய தலைவன். கிழமை என்றால் உரிமை. இன்றோ அந்தச் சொல் வசவாகிவிட்டது.

ஆனாலும் ‘மூப்பு மருத்துவம்’ என்றால் மூப்பையே குணப்படுத்துவது போலத் தொனிக்கிறது. நாஷர் மறுத்ததே அதைத்தான். குழந்தை மருத்துவம் என்கிறோமே, அதே வார்ப்பில் ‘முதியோர் மருத்துவம்’ என்பதே சரி. முதுமையை ஆராயும் ஜெரன்டாலஜிக்கு ‘மூப்பியல்’ இருக்கட்டும். 1903-இல் உயிரியலாளர் மெச்னிகாஃப் தந்த சொல்தான் ஜெரன்டாலஜி. இரண்டையும் குழப்பக் கூடாது.

அப்புறம், இதைக் கற்பிப்பதை ‘முதியோர் மருத்துவக் கல்வி’ என்றால் டாக்டர்களோடு நின்றுவிடும். படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கும் செவிலியரும், விழாமல் நடக்கப் பழக்கும் இயன்முறை மருத்துவரும், பத்து மாத்திரையில் எது வேண்டாதது என்று பார்க்கும் மருந்தாளுநரும் படிக்க வேண்டிய பாடம் இது. அவர்களையும் சேர்த்துச் சொல்ல ‘முதியோர் நலக் கல்வி’ பொருந்தும்.