விளையை எழுதிக் கொடுக்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுப் பெரியவருக்கு எண்பது நெருங்கினால் ஒரு பேச்சு கிளம்பும்: "பாட்டாவுக்கு போதம் இருக்கும்போதே விளையை எழுதி வாங்கிடணும்." (போதம் என்றால் நினைவு; விளை என்றால் தோட்ட நிலம்.) எழுதுவது தப்பில்லை. எப்படி எழுதுகிறார்கள் என்பதுதான் எங்களைப் போன்ற வக்கீல்களிடம் வழக்காக வந்து நிற்கிறது.

குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் (விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) என்றால் செலவு குறைவு என்று எல்லோரும் அதையே கேட்கிறார்கள். பத்திரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. ரப்பர் ஷீட் விற்ற காசை மடியில் வைத்திருந்த மனுஷன் அப்புறம் பிரஷர் மாத்திரைக்கு மகனிடம் கேட்க வேண்டும். அடிப்பதும் விரட்டுவதும் நான் அதிகம் பார்த்ததில்லை. மூத்தவன் வளைகுடாவில் இருப்பான், இளையவனோ, "சொத்து அவனுக்கு, ஆஸ்பத்திரிக்கு மட்டும் நானா?" என்பான். பெரியவர் திண்ணையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். பெரும்பாலும் இதுதான் கதை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆவது பிரிவுப்படி, தன்னைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் கொடுத்த சொத்தை, வாங்கியவர் கவனிக்காவிட்டால் தீர்ப்பாயம் திருப்பித் தரலாம். சிக்கல் அந்த நிபந்தனையில்தான். அது இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் முதியவர் பக்கம் நின்று சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொண்டது. எந்தத் தீர்ப்பு நம் வழக்குக்குப் பொருந்தும் என்று எண்பது வயதில் சோதித்துப் பார்க்க வேண்டுமா? சாப்பாடு, மருந்து, இருப்பிடம் இன்னார் பொறுப்பு என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். ஆயுள் வரை வீடும் வருமானமும் பெரியவருக்கே என்றும் சேருங்கள். "அப்பா, என்னை நம்ப மாட்டீங்களா?" என்று பிள்ளை முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

என்னைக் கேட்டால் உயில் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், சாகும்வரை மாற்றலாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் மட்டும் பெரியவரைவிட நன்றாக இளையவர்களாக இருக்கட்டும். நாளைக்கு கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், அந்தத் தீர்ப்பாயத்தை நடத்தும் நாகர்கோவில் கோட்டாட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம். சொத்தே கொடுக்காத பெற்றோரும் பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள்.