மருந்துப்போலி வேறு, போலி மருந்து வேறு

பெரியம்மா ஒரு மருந்து ஆய்வில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தமிழில் பெயர்த்துக் கொடுத்த ஒப்புதல் படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தவர், மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். 'தங்களுக்கு ஆய்வு மருந்தோ போலி மருந்தோ வழங்கப்படலாம்.' பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, போலி மருந்து குடுப்போம்னு எழுதியே குடுக்கிறாங்களே, இது அடுக்குமா?"

செய்திகளில் இந்தப் 'போலி மருந்து' வரும்போதெல்லாம் முகம் சுளித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அன்றைக்குப் பொறுக்கவில்லை.

இங்கே 'போலி மருந்து' என்று பெயர்த்திருப்பது பிளாசிபோவை (placebo): பார்வைக்கு மருந்து மாதிரியே இருக்கும், ஆனால் மருந்து இல்லாத பொருள்; ஆய்வில் ஒரு பகுதியினருக்கு அதைக் கொடுப்பார்கள். பிளாசிபோ லத்தீன் சொல். 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். இறந்தவர்களுக்கான கிறித்தவ மன்றாட்டில் வரும் ஒரு சங்கீத வரியின் முதல் சொல் அது. 18ஆம் நூற்றாண்டில், நோயாளியின் மனத்தைத் திருப்திப்படுத்தக் கொடுக்கும் மருந்து என்ற பொருளில் மருத்துவத்துக்குள் நுழைந்தது. வேர்க்கதை இவ்வளவு போதும். ஏனென்றால் இன்றைய ஆய்வில் அதன் வேலை யாரையும் மகிழ்விப்பது இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பது.

1799இல் ஜான் ஹேகார்த் என்ற ஆங்கில மருத்துவர் செய்ததைப் பாருங்கள். உடம்பில் தடவினால் வலி போகும் என்று சொல்லி, கூரான உலோகக் கோல்களை அப்போது நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் மரத்தில் அதே மாதிரி செய்து, உலோகம்போல் வண்ணம் பூசி, ஐந்து பேருக்குத் தடவிப் பார்த்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் கோலைத் தடவியபோதும் அதே கதைதான். கோலின் வண்டவாளம் வெளியே வந்தது மரக்கோலால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். போலி டாக்டர், போலிச் சான்றிதழ், போலி நகை: சொல்லுக்கு முன்னால் 'போலி' வந்தால் இன்றைய தமிழில் அது மோசடி. 'போலி மருந்து' என்ற பெயருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் உண்டு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து மருந்துகளில் ஒன்று தரம் குறைந்ததாகவோ போலியாகவோ இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் சொன்னதே, அந்தப் போலி மருந்து. கைது செய்ய வேண்டிய பொருளுக்கும் ஆய்வுக்கு உயிரான பொருளுக்கும் ஒரே பெயரா?

சொல்லுக்குப் பின்னால் 'போலி' வந்தால் கதை வேறு. போல் என்பதன் அடியாகப் பிறந்த சொல் அது. போன்றிருப்பது என்று பொருள். மணிமேகலையில் அளவை நூல், அதாவது தருக்கம், பேசும் பகுதியில் ஏதுப்போலி வருகிறது. ஏது என்றால் காரணம். ஏதுபோலத் தோன்றும், ஆனால் ஏது ஆகாது. அதே வார்ப்பில் மருந்துப்போலி: மருந்துபோலத் தோன்றும், மருந்து ஆகாது. இதில் யாரையும் ஏமாற்றும் வாடை இல்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. 'மருந்து சாப்பிட்டார், குணமானார், ஆகவே மருந்தால் குணமானார்' என்பதே பல நேரம் ஏதுப்போலிதான். அதைப் பிடித்துக் கொடுப்பது மருந்துப்போலி.

வரிசை மாறினால் என்ன, முன்றில் மாதிரி இதுவும் இலக்கணப்போலிதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்முன் என்பது முன்றில் ஆனாலும் பொருள் மாறுவதில்லை. இங்கே அடியோடு மாறுகிறதே! இலக்கணப்போலிக்குப் பாடப்புத்தகம் காட்டும் புறநகர்கூட இன்றைக்கு நகர்ப்புறம் இல்லை; ஒன்று ஊரின் விளிம்பு, மற்றது ஊரே.

மற்றச் சொற்களையும் எடை போட்டுப் பார்த்தேன். 'ஆறுதல் மருந்து' லத்தீனுக்கு விசுவாசமானது, ஆய்வுக்குப் பொருந்தாதது. 'சர்க்கரை மாத்திரை' காதுக்கு இதம்தான், ஆனால் ஊசிக்கு என்ன சொல்வது? 1954இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியைச் சோதித்தபோது (இந்த நோயின் பெயர் வேறு நடுவில் புகுந்து குழப்புகிறது) ஒரு பகுதியில் ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் மற்றக் குழந்தைகளுக்கு மருந்துப்போலி ஊசி. முதல் கூட்டத்தில் லட்சத்துக்கு 28 பேருக்கு நோய் வந்தது, இரண்டாவதில் 71. போலியோ ஒரு வருடம் ஏறும், மறு வருடம் தானாக இறங்கும். அந்த 71 கையில் இல்லாவிட்டால் 28 எதைச் சொல்லும்? அந்தப் பிள்ளைகள் போட்டுக்கொண்டதைப் 'போலி' என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

'வெற்று மருந்து' ஓரளவு தேவலை. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. வெளியே அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது; நிறமோ கசப்போ வேறுபட்டால் குட்டு உடைந்துவிடும், ஆய்வும் கெடும். பிளாசிபோ என்றே எழுதிவிடலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. புரியாத சொல்லாவது கேள்வி கேட்க வைக்கும், தப்பாகப் புரிகிற சொல் பேனாவை மூட வைக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு எழுந்து போய்விடுவதால் வரும் வினை இது. மருந்துப்போலியாலேயே குணம் தெரிவதைப் 'போலி மருந்து விளைவு' என்றும் எழுதுகிறார்கள். கள்ள மருந்து சாப்பிட்டவருக்கு வந்த வாந்தி பேதி என்றுதானே அதற்குப் பொருள்?

படிவத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'மருந்துப்போலி' என்று எழுதி, பக்கத்தில் 'பார்வைக்கு மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது' என்றும் சேர்த்தேன். பெரியம்மா படித்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று பேனாவைத் திறந்தார். அப்புறம் பக்கத்தைத் திருப்பினார். 'இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வாகும்.'

"யாருக்குப்பா கண்ணு தெரியாது, டாக்டருக்கா?"