கவர்னர்: வேகச்சீராக்கி

மாநிலத்துக்கு ஒரு கவர்னர் இருப்பதுபோல டீசல் எஞ்சினுக்கும் அதன் வேகத்தைச் சீராக வைக்கும் ஒரு கவர்னர் உண்டு. இரண்டும் கப்பலிலிருந்து இறங்கி வந்த சொல்தான். கிரேக்கத்தில் 'கிபெர்னேட்டேஸ்' என்றால் சுக்கான் பிடிப்பவர், நம் மீகாமன். அதுவே லத்தீனில் 'குபெர்னாட்டோர்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'கவர்னர்' ஆனது.

நீராவி எஞ்சினுக்கு இதைப் பொருத்தியவர் ஜேம்ஸ் வாட், 1788இல். கண்டுபிடித்தவர் அவரல்லர். காற்றாலைகளிலும் மாவு ஆலைகளிலும் இத்தகைய அமைப்பு முன்பே இருந்தது. லண்டன் ஆல்பியன் ஆலையில் அதைப் பார்த்த கூட்டாளி மேத்யூ போல்ட்டன், வாட்டுக்குக் கடிதம் எழுதினார்.

எஞ்சின் சுழற்றும் செங்குத்துத் தண்டில், கைகளின் நுனியில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். ஆலையில் சில இயந்திரங்களை நிறுத்தினால் சுமை குறைந்து எஞ்சின் விரையும். உடனே குண்டுகள் விலகி எழும். அவற்றோடு பிணைந்த நெம்புகோல் நீராவி வழியைச் சற்று மூடும். வேகம் தளர்ந்தால் குண்டுகள் தாழும், வழி திறக்கும். விளைவே காரணத்தைத் திருத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் 'பின்னூட்டம்' என்ற நல்ல சொல் தமிழில் நிலைத்துவிட்டது.

குறையும் உண்டு. சுமை மாறினால் வேகம் பழைய அளவுக்கே திரும்பாது, சற்றுத் தள்ளித்தான் நிலைகொள்ளும். சில எஞ்சின்களின் வேகம் கூடியும் குறைந்தும் ஓயாமல் அலைந்தது. இந்த அலைவு எப்போது அடங்கும், எப்போது பெருகும் என்பதை 1868இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணிதத்தால் ஆராய்ந்தார். வேக மாறுதலைக் குறைக்க மட்டும் செய்பவற்றை அவர் 'மாடரேட்டர்' என்று தனியே பிரித்தார். அந்தக் கண்டிப்பின்படி வாட்டின் கருவியே கவர்னர் ஆகாது! 1948இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாட்டையும் தகவல்தொடர்பையும் ஆராயும் தம் துறைக்கு அதே கிரேக்க வேரிலிருந்து 'சைபர்னெட்டிக்ஸ்' என்று பெயரிட்டபோது மேக்ஸ்வெல்லின் கட்டுரையை நினைவுகூர்ந்தார்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆளுநர்' மனிதருக்கே பொருந்தும். 'ஆளி' என்றால் இலங்கைப் பாடநூல்களில் மின்சுவிட்ச். பள்ளி வாகனங்களைப் பற்றிய செய்திகளில் வரும் 'வேகக் கட்டுப்பாட்டுக் கருவி' உச்ச வேகத்தை மட்டும் தடுப்பது. குறைந்த வேகத்தைத் தூக்கிவிடாது. இரு பக்கமும் திருத்துவதால் 'வேகச்சீராக்கி' என்பதே என் தேர்வு. குண்டுகள் கொண்ட வாட்டின் வகையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால், 'மையவிலக்கு வேகச்சீராக்கி'.